காலத்தின் அரியவர் உஸ்தாத் மன்சூர்

முகலாயர் வரலாற்றைப் பயிலும் மாணவர் பாபர் தொடங்கி ஔரங்கசீப் ஈறாக ஆறு அரசர்தம் பெயர்களையும் தடையின்றிச் சொல்வர். போர் நிகழ்ந்த களங்களையும் எழுந்த மாளிகைகளையும் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிப்பர். ஆனால் அவ்வரசர்களின் நிழலில் அமர்ந்து, அணில்வால் மயிரால் ஆன தூரிகையைக் கையில் ஏந்தி, ஏட்டின்மேல் குனிந்து தம் கண்ணொளியைச் செலவிட்ட கலைஞர்களின் பெயர்கள் பாடநூல்களில் ஒரு வரிக்குமேல் இடம்பெறுவதில்லை. அத்தகையோருள் தலையாய ஒருவர் உஸ்தாத் மன்சூர். ஜஹாங்கீர் மன்னரின் அவையில் பறவைகளையும் விலங்குகளையும் மலர்களையும் வரைந்த அப்பெருமகனாரின் வாழ்வை இயன்ற அளவு தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இயன்ற அளவு என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. மன்சூர் பிறந்த ஊர் இன்னது, தந்தையார் இன்னார், மறைந்த ஆண்டு இன்னது என்று உரைக்கும் பதிவு ஒன்றேனும் இல்லை. அவர் வரைந்த பறவைகளோ இனம், பால், வாழும் நாடு ஆகிய அனைத்தும் விளங்க இன்றும் நம்முன் நிற்கின்றன. நானூறு ஆண்டுகட்குப் பின் ஒரு பறவை நூலறிஞர் அவ்வேட்டைக் கையில் எடுத்தால், இஃது இன்ன பறவை என்று ஐயமின்றிப் பெயர் சொல்லிவிடுகிறார். வரைந்தவரைப் பற்றி அறிய முற்படும் நாமும் அப்பறவைகளிடமே செல்ல வேண்டியுள்ளது.

தமிழ் பயில்வோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். சங்கப் பாடல்களில் வரும் அன்றில் எப்பறவை, மகன்றில் எப்பறவை என்று உரையாசிரியர் காலந்தொட்டு வழக்காடி வருகிறோம். பெயர் கிடைத்திருக்கிறது; உருவம் கிடைக்கவில்லை. மன்சூர் ஓவியங்களிலோ பல இடங்களில் பெயர் இல்லை; உருவம் இருக்கிறது. உருவம் செவ்வையாக இருப்பின் பெயரைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம்.

அக்பர் காலத்து இளமை

மன்சூர் என்ற அரபுச் சொல்லுக்கு இறையுதவி பெற்றவர், வெற்றி அருளப்பெற்றவர் என்பது பொருள். இப்பெயர் முதன்முதலில் அக்பர் அரசரின் ஓவியச் சாலையில் உருவான நூல்களின் ஓரங்களில் காணக்கிடக்கிறது. பாபர் துருக்கி மொழியில் எழுதிய தன்வரலாற்றை அப்துர் ரஹீம் கானெகானான் 1589இல் பாரசீகத்தில் பெயர்த்தளித்தார். அப்பெயர்ப்பின் படிகள் பல ஓவியங்களோடு எழுதப்பெற்றன. இந்துஸ்தானத்தின் விலங்குகளையும் பறவைகளையும் பாபர் வருணிக்கும் பகுதிக்கு ஓவியம் தீட்டியோருள் மன்சூரும் ஒருவர். அக்பர்நாமாவின் ஏடுகளிலும் பிற ஓவியருக்குத் துணைநின்று வண்ணம் தீட்டியவராக அவர் பெயர் வருகிறது.

அக்காலத்து ஓவியச் சாலை நடைமுறை இன்று நமக்குப் புதுமையாகத் தோன்றும். ஒரே ஓவியத்தை ஒருவர் கோடிட்டு அமைப்பார். மற்றொருவர் வண்ணம் நிரப்புவார். மூன்றாமவர் முகங்களை மட்டும் எழுதுவார். எழுத்தர் ஒருவர் அவரவர் பணியை ஏட்டின் அடியில் குறித்துவைப்பார். மன்சூர் இங்குக் கீழ்ப்படியில் இருந்து தொடங்கியவர் என்றே கொள்ள வேண்டும். அபுல் ஃபஸல் தம் ஆயினெ அக்பரியில் சிறந்த ஓவியர் பலரைப் பெயர் சுட்டிப் புகழ்கிறார். அப்பட்டியலில் மன்சூர் இல்லை. தம் பெயரோடு நக்காஷ் என்ற சொல்லைச் சேர்த்து அவர் எழுதியிருப்பது உண்டு. ஏட்டைப் பொன்னாலும் பூவேலையாலும் அழகு செய்பவரையும் அச்சொல் குறிக்கும். பூவின் இதழையும் கொடியின் நெளிவையும் மயிரிழை பிசகாமல் எழுதப் பழகிய அந்தக் கையே பின்னாளில் இறகின் ஒவ்வொரு தூவியையும் எழுதுவதற்குப் பயிற்சி பெற்றது எனலாம்.

வான்கோழி வந்த கதை

1605இல் ஜஹாங்கீர் அரியணை ஏறினார். இவ்வரசரைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. மதுவுக்கும் அபினுக்கும் அடிமைப்பட்டவர் என்பது மெய். அவரே அதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார். இளமை முதல் ஐம்பதாம் வயதை நெருங்கும் வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் கணக்கெழுதி வைத்தவரும் அவரே. இத்தனை உயிர்களைக் கொன்றவர், லைலா மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு இணை முட்டையிட்டதையும், ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்ததையும், குஞ்சு வெளிவந்ததையும் நாள்தோறும் நோக்கிக் குறித்து வைத்தார். வேட்டைக்காரரின் கண்ணும் ஆய்வாளரின் கண்ணும் ஒருவரிடமே அமைந்திருந்தன. அந்தக் கண்ணுக்குக் கையாக வாய்த்தவர் மன்சூர்.

1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி அரசர் ஆணைப்படி கோவா சென்று, போர்ச்சுகீசியரிடமிருந்து அரும்பொருள் பலவற்றை வாங்கி வந்தார். அவற்றுள் சில உயிரினங்களை அரசர் முன்பு கண்டதில்லை. பெயர் சொல்வாரும் அவையில் இல்லை. ஒரு பறவை மயிலினும் சிறியது, பெண்மயிலினும் பெரியது. தோகையை விரித்து ஆடுகிறது. தலையும் கழுத்தும் ஒரு பொழுது பவளமாகச் சிவக்கின்றன, ஒரு பொழுது பஞ்சாக வெளுக்கின்றன, ஒரு பொழுது நீலமணியாக மாறுகின்றன. நெற்றியில் ஒரு தசைத் துண்டு யானைத் துதிக்கைபோல் தொங்குகிறது, பின் சுருங்கிக் கொம்புபோல் நிமிர்கிறது என்று அரசர் விவரித்துச் செல்கிறார். கோழிப் பண்ணை கண்டவர் எவரும் இது வான்கோழி என்று உடனே சொல்லிவிடுவர். அமெரிக்கக் கண்டத்துப் பறவையாகிய அது கடல் கடந்து கோவா வந்து, அங்கிருந்து முகலாய அவை புகுந்தது.

அரசர் அத்துடன் நிற்கவில்லை. தம் கொள்ளுப்பாட்டனார் பாபர் விலங்குகளை எழுத்தில் வருணித்தாரேயன்றி அவற்றைப் படமாக எழுதச் செய்யவில்லை என்ற குறையைச் சுட்டி, கேட்பவர் வியப்பு மிகும்படி இவற்றை ஓவியமாகவும் எழுதுக என ஆணையிட்டார். அக்காலத்தில் மன்சூர் வரைந்த வான்கோழி இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர் சொல்லால் எழுதியதையும் ஓவியர் வண்ணத்தால் எழுதியதையும் ஒருங்கே வைத்து நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. இவ்வாறு சொல்லும் உருவமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும் இடங்களிலேதான் மன்சூரின் கை எத்துணை நம்பத்தக்கது என்று அளந்தறிய முடிகிறது. இங்கு அது நம்பத்தக்கது என்று ஐயமறத் தெரிந்தமையால்தான், எழுத்துச் சான்று இல்லாத பிற பறவைகளிலும் அக்கையை நம்புகிறோம்.

பட்டமும் பணியும்

1618ஆம் ஆண்டுக் குறிப்பில் ஜஹாங்கீர் தம் ஓவியர் இருவரைப் போற்றுகிறார். அபுல் ஹஸனுக்கு நாதிருஸ் ஸமான் என்ற பட்டமும், மன்சூருக்கு நாதிருல் அஸ்ர் என்ற பட்டமும் அவர் வழங்கியிருந்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளன: காலத்தின் அரியவர். தம் தந்தையார் காலத்திலும் தம் காலத்திலும் இவ்விருவர்க்கு ஒப்பான மூன்றாமவர் இல்லை என்பது அரசர் கருத்து. அக்பர் காலத்துப் பட்டியலில் இடம்பெறாத ஒருவரை மகன் இவ்வாறு உயர்த்திப் பேசுகிறார். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை உஸ்தாத் என்றழைத்துப் பழகிய நமக்கு, அரசர் தம் நூலில் மன்சூரைக் குறிக்குமிடமெல்லாம் உஸ்தாத் என்ற சொல்லை முன்னிட்டே குறிப்பது தனி மகிழ்வு தருகிறது.

1619இல் ஈரானிய மன்னர் ஷா அப்பாஸ் ஓர் அரிய வல்லூற்றை அனுப்பிவைத்தார். கொண்டுவந்தவரின் கவனக்குறைவால் வழியில் ஒரு பூனை அதைக் குதறிவிட்டது. அவை வந்து சேர்ந்தும் ஒரு வாரத்துக்குமேல் அஃது உயிர் தரிக்கவில்லை. சிறகிலும் முதுகிலும் விலாவிலும் இருந்த கரும்புள்ளிகளின் அழகில் ஈடுபட்ட அரசர், அதன் சாயலை வரைந்து காக்குமாறு மன்சூரைப் பணித்தார். மன்சூருக்குக் கிடைத்த கால அளவை ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். நோயுற்ற பறவையை, சில நாட்களுக்குள், அது நிமிர்ந்து நின்றபோது எவ்வாறு இருந்திருக்குமோ அவ்வாறு எழுதித் தர வேண்டும்.

1620இல் அரசர் காஷ்மீரம் சென்றார். மன்சூரும் உடன் சென்றார். அங்கு ஓர் ஓடையில் சிறு பறவை ஒன்று நீருக்குள் மூழ்குவதையும், நெடுநேரம் உள்ளே இருந்து வேறோரிடத்தில் எழுவதையும் அரசர் கண்டார். நீரில் வாழ்வதாயின் வாத்துக்குப் போல் விரலிடைத் தோல் இருக்க வேண்டுமே, அன்றி நிலப்பறவை போல் பிரிந்த விரல்களா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. பிடித்துவரச் சொன்னார். இரண்டு அகப்பட்டன, ஒன்று உடனே இறந்தது, மற்றொன்று ஒரு நாள் இருந்தது. காலை நோக்கினர். விரலிடைத் தோல் இல்லை. உடனே மன்சூரை அழைத்து அதை வரையச் செய்தார். கல்லடியில் நீரூடே நடந்து இரை தேடும் அப்பறவையை இன்றைய நூலோர் டிப்பர் என்பர். அதன் விரல்கள் பிரிந்தவையே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்து ஏடொன்றில் வேறு பறவைகளோடு டிப்பரும் காணப்படுகிறது.

இந்நிகழ்ச்சி மன்சூரின் கலை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. அவர்முன் வைக்கப்பட்டது அழகிய பொருள் அன்று, ஒரு கேள்வி. காலில் தோல் உண்டா, இல்லையா? அலகு வளைந்ததா, நேரா? கண்ணைச் சுற்றி வெறுந்தோலா, இறகா? இக்கேள்விகளுக்கு விடையாக அமைந்த ஓவியம் ஆதலால்தான் இன்றும் பறவை நூலோர்க்கு அது பயன்படுகிறது. பிற்காலத்தார் பலர் மன்சூரின் வண்ணத்தைப் புகழ்வர். நாம் அவரது கால்விரல்களைப் புகழ்வோம்.

அதே காஷ்மீரப் பயணத்தில் மன்சூர் வரைந்த மலர்கள் நூற்றுக்கு மேற்பட்டவை என்று அரசர் எழுதுகிறார். எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் சிவந்த துலிப் மலர் ஓவியம் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தின் ஹபீப்கஞ்ச் தொகுப்பில் உள்ளது.

1621இல் அபிசீனியாவிலிருந்து ஒரு வரிக்குதிரை வந்தது. உடலெங்கும் இழுத்த கோடுகளைக் கண்ட சிலர், எவரோ வண்ணம் பூசி ஏமாற்றுகின்றனர் என ஐயுற்றனர். நன்கு ஆராய்ந்த பின்னரே அது படைத்தவனின் கைவண்ணம் என்று தெளிந்தனர். மன்சூர் அதனையும் வரைந்தார். ஓவியத்தின்மீது அரசரின் குறிப்பு உள்ளது. பின்னர் அவ்விலங்கு ஷா அப்பாஸுக்குப் பரிசாகச் சென்றது.

மார்க்கமும் ஓவியமும்

இவ்விடத்தில் நம் பெரியோர் சிலர் உள்ளத்தில் எழும் வினாவை நாம் கடந்து செல்வது முறையாகாது. உயிருள்ளவற்றின் உருவத்தை எழுதுவது பற்றி மார்க்க அறிஞரிடையே கடுமையான தீர்ப்புகள் உண்டு. வீட்டுச் சுவரில் பறவைப் படம் மாட்டாத குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உள்ளன; அவர்தம் பேணுதலை மதிக்கிறோம். இத்துறையில் தீர்ப்புரைக்கும் தகுதி தமிழாசிரியர்க்கு இல்லை. வரலாறாக அறியத்தக்க செய்தி ஒன்றை மட்டும் குறிப்போம். ஓவியர் ஓர் உயிரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்தபின் அதற்கு உயிரளிக்கத் தம்மால் இயலாது என்று உணர்கிறார். அவ்வுணர்வு அவரைப் படைத்தவனை எண்ணச் செய்கிறது என்பது அக்பர் கருத்தாக அபுல் ஃபஸல் எழுதியது. இதனை ஏற்காத உலமாக்கள் அன்றும் இருந்தனர்.

மன்சூரின் ஏடுகள் சுவரில் மாட்டப்பெற்றவை அல்ல. தொகுப்பேடுகளில் கட்டி மூடி வைக்கப்பெற்றவை. அவற்றின் நோக்கம் வணக்கமும் அன்று. சிறகு விரித்து வானில் செல்லும் பறவைகளை நோக்குமாறு திருக்குர்ஆன் தூண்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் ஜாஹிஸ் விலங்குகள் பற்றி எழுதிய பெருநூலும், 1405இல் மறைந்த தமீரீயின் ஹயாத்துல் ஹயவானும் அரபுக் கல்லூரிகளில் ஓதியோர் அறிந்தவை. உயிரினங்களை நோக்கி அறிவது முஸ்லிம்களிடையே நெடிய கல்வி மரபு. மன்சூரை அவ்வரிசையில் வைத்துக் காண்பதே பொருத்தம் என்பது நம் துணிபு.

இனங்காணும் முறை

பழைய ஓவியத்தில் உள்ள பறவையை இனங்காண்பது எளிதன்று. வண்ணம் ஏமாற்றும். ஈயத்தால் ஆன வெள்ளை காலப்போக்கில் கறுத்துப்போவது உண்டு. வெண்ணிறப் பறவை சாம்பல் நிறமாகத் தோன்றும். செம்பால் ஆன பச்சை தாளையே அரித்துவிடும். அளவும் ஏமாற்றும், சிட்டும் கழுகும் ஒரே அளவுத் தாளை நிரப்பி நிற்கும். பின்னணியில் உள்ள செடி கொடிகளைக் கொண்டு நாட்டை அறியவும் இயலாது. அவை பெரும்பாலும் மரபுப்படி எழுதியவை. எஞ்சுவன அலகின் வடிவம், மூக்குத்துளையின் இடம், கால்விரல் அமைப்பு, முகத்தின் வெறுந்தோல், சிறகு இறகுகளின் அடுக்கு ஆகியவை. இவற்றில் மன்சூர் தவறுவது அரிது.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் மன்சூர் பெயர் தாங்கிய வரகுக்கோழி ஓவியம் உள்ளது. வங்க வரகுக்கோழி என்று இன்று வழங்கும் அப்பறவைக்கு ஐரோப்பிய அறிஞர் க்மெலின் 1789இல்தான் அறிவியற் பெயரிட்டார். அதே அருங்காட்சியகத்தில் வெண்ணிறக் கொக்கு ஒன்றின் ஓவியமும் உள்ளது. முகத்தின் சிவந்த வெறுந்தோலும் காலின் சுருக்கங்களும் தெளிவுற எழுதப்பட்ட அது சைபீரியக் கொக்கு. பல்லாஸ் என்பார் 1773இல் அதனை வருணித்துப் பெயரிடுவதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகட்கு முன்பே முகலாய ஏட்டில் அது நின்றது. நியூயார்க்கில் உள்ள இருவாய்ச்சி ஓவியத்தைக் காணும் தமிழர்க்கு அறிமுகம் வேண்டியதில்லை. அப்பேரிருவாய்ச்சி நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழ்வது.

முகலாயர் இயற்கை நோக்கைப் பறவை நூலறிஞராகவே இருந்து முதலில் விரிவாக ஆராய்ந்தோருள் சாலிம் அலி முதன்மையானவர். முகலாய அரசர்களை இயற்கை ஆய்வாளராகவும் வேட்டைக்காரராகவும் காட்டும் அவரது கட்டுரைத் தொடர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1927ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. ஜஹாங்கீரின் இயற்கைக் குறிப்புகளையும் ஓவியங்களையும் ஒப்பிட்டு அல்வி, ரஹ்மான் இருவரும் 1968இல் நூல் வெளியிட்டனர். மன்சூருக்கென்றே அசோக் குமார் தாஸ் எழுதிய நூல் 2012இல் வந்தது.

இனங்காண்பதில் இன்னொரு பயனும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தில்லியில் பழைய ஏடுகளைப் பார்த்துப் படியெடுத்து விற்கும் தொழில் நடந்தது. மன்சூரின் பெயரையும் பட்டத்தையும் அப்படியே எழுதிச் சேர்த்தனர். இலண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள புகழ்மிக்க தொகுப்பேடுகளில் மூல ஏடுகளும் இத்தகைய படிகளும் கலந்தே உள்ளன. கையெழுத்தைப் போலச் செய்வது எளிது. ஆனால் பறவையைப் பாராமல் படத்தைப் பார்த்து வரைந்தவர் இறகின் அடுக்கிலும் விரலின் மடிப்பிலும் தடுமாறுவார். ஓவியம் மன்சூருடையதா என்ற வழக்கில் பறவையும் ஒரு சாட்சியாக வந்து நிற்கிறது.

டோடோ

மன்சூர் பெயரோடு மிகுதியாகப் பேசப்படும் ஓவியம் ருஷ்ய நாட்டின் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதன் நடுவே பருத்த உடலும் வளைந்த பெரிய அலகும் குறுஞ்சிறகும் கொண்ட பழுப்புநிறப் பறவை நிற்கிறது. அது டோடோ என்று 1958இல் இவானோவ் என்ற ருஷ்ய அறிஞர் பறவையியல் இதழ் ஒன்றின் வழி உலகுக்கு அறிவித்தார். மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்த பறக்கவியலாப் பறவை டோடோ. டச்சுக்காரர் 1598இல் அத்தீவில் இறங்கிய பின் நூறாண்டுக்குள் அவ்வினம் அற்றுப்போயிற்று. 1662க்குப் பின் அதை உயிருடன் கண்டதாக உறுதியான பதிவு இல்லை என்பர். தசையும் தோலுமாக எஞ்சியது ஆக்ஸ்போர்டில் உள்ள ஒரு தலையும் ஒரு காலுமே. ஆதலின் அதன் உடல் நிறமும் நிற்கும் தோற்றமும் எவ்வாறு இருந்தன என்று அறிய ஓவியங்களையே நாட வேண்டியுள்ளது. ஐரோப்பிய ஓவியர் பலர் கொழுத்து உருண்ட டோடோவை எழுதினர். முகலாய ஏட்டின் டோடோ அவ்வாறன்று. உயிருடன் நின்ற பறவையை நோக்கி எழுதியது என்று அறிஞர் அதற்குத் தனி மதிப்பளிக்கின்றனர்.

டோடோவைச் சுற்றி நிற்கும் பறவைகளையும் இனங்கண்டுள்ளனர். தலைகீழாகத் தொங்கும் இயல்புடைய சிறு கிளிகள் மலேயப் பகுதியைச் சேர்ந்தவை. ட்ராகோபன் எனும் மலைக்கோழி மேற்கு இமயத்தது. கல்கவுதாரி நம் நாட்டு வறண்ட நிலத்தது. தலையின் பின்புறம் இரு கரும்பட்டைகள் கொண்ட வாத்து, நடு ஆசிய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தெற்கே வருவது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் அதனை இன்றும் காணலாம். டோடோவைச் சூழ்ந்துள்ள இந்நான்கையும் தனித்தனியே இனங்காண முடிகிறது, அவை மெய்யான பறவையோடு ஒத்தும் உள்ளன. டோடோவின் உருவையும் நம்புவதற்கு அதுவே அடிப்படை. அற்றுப்போன உயிருக்கு அற்றுப்போகாத உயிர்கள் சான்று பகர்கின்றன.

அஃது இந்தியா வந்தது எவ்வாறு? பீட்டர் மண்டி என்ற ஆங்கில வணிகர் 1628 முதல் 1634 வரை இந்நாட்டில் இருந்த காலத்தில் சூரத் துறைமுகத்தில் இரு டோடோக்களைக் கண்டதாக எழுதியுள்ளார். ஜஹாங்கீர் உடல்நலிவால் 1622இல் தம் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் ஆணைப்படி முஃதமத் கான் தொடர்ந்தார். அந்நூலில் டோடோ பற்றிய செய்தி இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். டோடோ ஓவியத்தில் மன்சூரின் கையெழுத்து இல்லை. எழுதிய திறத்தை நோக்கி அறிஞர் அவருக்கு உரியதாக்குகின்றனர், அவ்வளவே. நம் சமுதாய மேடைகளில் பேசுவோர் சிலர், டோடோவை உலகில் முதன்முதல் வரைந்தவர் ஒரு முஸ்லிம் ஓவியரே என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். அது பிழை. டச்சுக் கப்பல் ஒன்றின் நாட்குறிப்பில் 1601ஆம் ஆண்டே டோடோவின் கோட்டுருவங்கள் உள்ளன. மன்சூரின் பெருமைக்கு இத்தகைய மிகைக்கூற்று வேண்டியதில்லை. நீரில் மூழ்கும் சிறு பறவைக்கு விரலிடைத் தோல் இல்லை என்றால் இல்லை என்றே வரைந்தவர் அவர். அவரைப் பற்றி எழுதுவோரும் உள்ளதை உள்ளவாறே எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

1627இல் ஜஹாங்கீர் மறைந்தார். அதன்பின் மன்சூரின் பெயர் எந்தப் பதிவிலும் வரவில்லை. ஷாஜஹான் காலத்தில் அவருடைய ஏடுகள் பூவேலை செய்த ஓரங்களோடு புதிய தொகுப்பேடுகளில் கட்டப்பெற்றன. 1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியபோதும் அதன்பின் வந்த குழப்பங்களிலும் அரண்மனை நூலகம் சிதறியது. ஏடுகள் ஈரான் சென்றன, ஐரோப்பா சென்றன, அமெரிக்கா சென்றன. இந்தியாவில் எஞ்சியவை கொல்கத்தா, தில்லி, அலிகார் முதலிய இடங்களில் உள்ளன.

வரகுக்கோழி இன்று அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம், அருணாசலம் ஆகிய இடங்களின் புல்வெளிகளில் மிகச் சிலவாக எஞ்சி, முற்றும் அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துள்ளது. சைபீரியக் கொக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இராஜஸ்தானத்துப் பரத்பூர் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. 2002இல் ஓர் இணை வந்தது. அதற்குப் பின் வரவில்லை. கொல்கத்தாவில் மன்சூர் எழுதிய கொக்கு இருக்கிறது.